2,000 வெள்ளியா, பத்து நாளா?

21 ஆகஸ்ட் 2020, இரவு 10.15 (செங்காங் தம்பி கேட்டது)

சிங்கப்பூர்ச் சமூக ஆர்வலர் ஜோலோவன் வாம் இன்றைக்குச் சிறைக்குள் போய்விட்டார். 2,000 வெள்ளி அபராதம் கட்டினால் போதும், வீட்டில் இருக்கலாம். கட்டமாட்டாராம், பத்து நாள் சிறைக்கே போகிறாராம். இது போராட்டமா, படம் காட்டுவதா? வக்கீல் ஆபீசில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் இங்கே இருக்கிறாரே, அவர் சொல்லட்டும்.

22 ஆகஸ்ட் 2020, காலை 7.40

அந்த அண்ணன் நான்தான். வக்கீல் இல்லை, வக்கீல் ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. சைனாடவுன் பக்கம் ஒரு சின்ன ஆபீசில் 1988 முதல் போன வருஷம் வரை கோப்பு தூக்கினேன்.

படம் காட்டுவதுதான் தம்பி. கார் நிறுத்தியதற்கு வந்தாலும் கூட்டம் போட்டதற்கு வந்தாலும் அபராதம் அபராதம்தான். கட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும். 1994இல் நான் போடாத சிகரெட் துண்டுக்கு எனக்கு ஒரு சம்மன் வந்தது. நான் சிகரெட்டே பிடிப்பதில்லை. அப்பா சொன்னது இரண்டே சொல்: "கட்டிட்டு வா." கட்டிவிட்டு வந்தேன். ரசீதுகூட இன்னும் இருக்கிறது, கிராணி புத்தி. அதனால் நான் கெட்டா போய்விட்டேன்?

22 ஆகஸ்ட் 2020, இரவு 9.05

காலையில் கோப்பி குடிக்கும் முன் எழுதியது அது. வழக்கு என்னவென்று சொல்லாமலே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

2016 நவம்பர் 26. உள்ளரங்கில் ஒரு கூட்டம். சட்ட மறுப்பு, சமூக இயக்கங்கள் என்பது பேச்சுப் பொருள். ஹாங்காங்கிலிருந்து ஜனநாயகப் போராட்டக்காரர் ஜோஷுவா வோங் ஸ்கைப்பில் பேசினார். உள்ளரங்கில் சிங்கப்பூரர்கள் மட்டும் பேசினால் பெர்மிட் தேவையில்லை. வெளிநாட்டவர் பேசினால் தேவை. ஆள் வரவில்லை, முகம் மட்டும்தான் திரையில் வந்தது. அதுவும் பேச்சுதான் என்று ஆகிவிட்டது. பெர்மிட் எடுக்கும்படி காவல்துறை முன்கூட்டியே சொல்லியிருந்தது. இவர் எடுக்கவில்லை. அதை ஒளித்துவிட்டு இவருக்காகப் பேச எனக்கு மனமில்லை.

2019 பிப்ரவரியில் மொத்தம் 3,200 வெள்ளி அபராதம். 2,000 கூட்டத்துக்கு. மீதி 1,200 எதற்கென்று பத்திரிகையில் படித்தவர்களுக்கே மறந்திருக்கும். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட மறுத்ததற்கு. நகல் தரமாட்டேன் என்கிறீர்கள், நகல் இல்லாமல் நான் போடமாட்டேன் என்பது அவர் கட்சி. இந்த இடத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் ஆடியது. எங்கள் முதலாளி புதுக் கட்சிக்காரர் யார் வந்தாலும் முதலில் கேட்பது, "எதிலாவது கையெழுத்துப் போட்டியா? நகல் எங்கே?" என்பதுதான். முப்பத்தோரு வருஷமாக அதைக் கேட்டுக் கேட்டு, நான் இப்போது மாத்திரை டெலிவரிக்குக்கூடப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

உயர் நீதிமன்றத்தில் 2019இல் தோற்றார். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இந்த மாதம் தோற்றார். நேற்று உள்ளே.

23 ஆகஸ்ட் 2020, மதியம்

ஈசூன் அண்ணன் கேட்கிறார்: வ.உ.சி. செக்கிழுத்தார், இவர் என்னத்தை இழுத்தார்?

வழக்கை இழுத்தார் அண்ணே. கூட்டம் நடந்த நாளிலிருந்து மூன்றே முக்கால் வருஷம்.

24 ஆகஸ்ட் 2020, காலை 6.30

தூக்கம் வரவில்லை, கணக்குப் போட்டேன். இவர் இந்த வருஷம் மார்ச் கடைசியிலும் ஒரு தரம் மாமியார் வீட்டுக்குப் போய் வந்தார். அது வேறு வழக்கு, நீதிமன்ற அவமதிப்பு. அரசியல் சம்பந்தப்பட்ட வழக்குகளில் மலேசிய நீதிபதிகள் நம் நீதிபதிகளைவிடச் சுதந்திரமானவர்கள் என்று 2018இல் முகநூலில் எழுதினார். அபராதம் 5,000 வெள்ளி. கட்டவில்லை, ஒரு வாரம் உள்ளே இருந்தார்.

5,000 வெள்ளிக்கு ஏழு நாள் என்றால் நாளொன்றுக்கு 714 வெள்ளி. 2,000 வெள்ளிக்குப் பத்து நாள் என்றால் நாளொன்றுக்கு 200. ஐந்தே மாதத்தில் ஒரு நாள் சிறையின் மதிப்பு இப்படி விழுந்துவிட்டதே! கோவிட் வந்து எல்லாருடைய சம்பளமும் குறைந்த மாதிரி இதுவுமா?

24 ஆகஸ்ட் 2020, இரவு

எங்கள் பழைய முதலாளி மேலே உள்ளதைப் படித்துவிட்டுப் போன் பண்ணித் திட்டினார். எழுபத்தைந்து வயதிலும் குரல் அப்படியே இருக்கிறது. "உனக்கு நான் ஒண்ணுமே சொல்லித் தரலையாய்யா?"

ஆகவே திருத்தம். கட்டாவிட்டால் இத்தனை நாள் என்று நீதிபதி சொல்வது நாணய மாற்று விகிதம் இல்லை. ஆள் அபராதத்தைக் கட்டாமல் நழுவிவிடக் கூடாது என்பதற்காகப் பின்னால் மாட்டும் கொக்கி அது. தொகையை நாளால் வகுத்து விலை பார்ப்பது முட்டாள்தனம். பாதி கட்டினால் நாள் அதற்கேற்பக் குறையும் என்பது மட்டும் உண்மை.

இன்னொரு திருத்தம், இது கொஞ்சம் பெரியது. உட்லண்ட்ஸ் அக்கா "கூட்டம் போட்டதற்கு அரசு சிறையில் போட்டுவிட்டது" என்று எழுதியதற்கு நான் கட்டைவிரல் தூக்கினேன். எடுத்துவிட்டேன். 2009ஆம் வருஷத்துப் பொது ஒழுங்குச் சட்டத்தில், பெர்மிட் இல்லாமல் கூட்டம் நடத்தினால் முதல் தடவைக்கு அபராதம் மட்டும்தான். அதிகபட்சம் 5,000 வெள்ளி. மறுபடி செய்தால்தான் 10,000 வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதாவது முதல் தடவை போகிறவரைச் சட்டம் சிறைக்கு அனுப்பவே இல்லை, கல்லாவுக்குத்தான் அனுப்புகிறது. அவர்தான் கல்லாவைத் தாண்டிப் போய் அடுத்த கதவைத் தட்டுகிறார்.

இதை எழுதும்போது என் முதல் பதில்தான் சரி என்றே தோன்றியது. எழுதி முடித்த பிறகு அவ்வளவு உறுதியாக இல்லை. அந்தக் கல்லா எதற்கு அங்கே இருக்கிறது? 2,000 வெள்ளியைக் கட்டியிருந்தால் நாம் நாலு நாளாக இதைப் பேசிக்கொண்டிருப்போமா?

25 ஆகஸ்ட் 2020, மாலை

"தமிழர் யாரும் இந்த மாதிரி வேலையில் கிடையாது, நாம் உண்டு நம் வேலை உண்டு" என்று ஜூரோங் வெஸ்ட் நண்பர் பெருமையாக எழுதியிருக்கிறார்.

சீலன் பாலே என்ற ஓவியக் கலைஞரைத் தெரியுமா? நம் ஆள்தான். 2017 அக்டோபர் 1, ஞாயிற்றுக்கிழமை. ஹோங் லிம் பூங்காவில், அனுமதி உள்ள இடத்தில், ஒரு நிகழ்த்துகலையைத் தொடங்கினார். பெயர் '32 ஆண்டுகள்: ஒரு கண்ணாடியின் விசாரணை' என்று தமிழில் சொல்லலாம். அங்கிருந்து தேசிய கலைக்கூடத்துக்கு நடந்தார். அங்கிருந்து நாடாளுமன்றத்துக்கு. வாசலில் கையில் ஒரு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோஷம் கிடையாது, கூட்டம் கிடையாது. கைது. 2018 அக்டோபரில் 2,500 வெள்ளி அபராதம். அவரும் கட்டவில்லை, இரண்டு வாரம் உள்ளே போனார்.

அந்த 32 ஆண்டு யாருடையது? சியா தை போ. நன்யாங் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர், பாரிசான் சோஷலிஸ் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர். 1966 அக்டோபர் 29இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்தார்கள். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, 1989 வரை சிறை. அப்புறம் செந்தோசாவில் ஒரு காவலர் அறையில் குடிவைத்தார்கள். நாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மணலில் விளையாடப் போன அதே செந்தோசா. அந்த ஒற்றை அறைக்கு அவரே வாடகை கட்ட வேண்டியிருந்தது, சாப்பாட்டுச் செலவும் அவருடையது. ஏனென்றால் சட்டப்படி அவர் விடுதலையாகிவிட்டார்! கடைசிக் கட்டுப்பாடுகள் நீங்கியது 1998 நவம்பரில். வன்முறையைக் கைவிடுகிறேன், கம்யூனிஸ்ட் கட்சியோடு தொடர்பை விடுகிறேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் எப்போதோ வந்திருக்கலாம். இல்லாத தொடர்பை விடுகிறேன் என்று எழுதினால் இருந்தது என்றாகிவிடுமே என்று அவர் போடவில்லை.

கையெழுத்து விஷயம் மறுபடி வந்துவிட்டது பாருங்கள்.

25 ஆகஸ்ட் 2020, இரவு

ஜூரோங் வெஸ்ட் நண்பருக்கு: இல்லை, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றதற்காகக் கைது செய்யவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடி. என் எழுத்தில்தான் பிழை. ஆனாலும் நீங்கள் கேட்டதைப் படித்து நானும் மனைவியும் பத்து நிமிஷம் சிரித்தோம்.

26 ஆகஸ்ட் 2020

சீலனைப் பற்றி இன்னொன்று ஞாபகம் வந்தது. 2007 டிசம்பரில் மலேசியாவில் ஹிண்ட்ராஃப் என்ற இந்தியர் உரிமை இயக்கத்தின் தலைவர்கள் ஐந்து பேரை அங்குள்ள உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்தார்களே, அப்போது இவர் இங்கே மலேசியத் தூதரகத்துக்கு வெளியே ஐந்து நாள் உண்ணாவிரதம் இருந்தார். அப்போது இங்கே ஐந்து பேர் சேர்ந்தால்தான் 'கூட்டம்'. 2009இல் பொது ஒழுங்குச் சட்டம் வந்த பிறகு ஒருவர் தனியாக நின்றாலும் கூட்டம்தான்.

தமிழில் 'கூட்டம்' என்ற சொல்லுக்கு ஒருமை கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தமிழர் கிடையாது என்ற பேச்சுக்கு இன்னும் ஒன்று. 1954இல் மலாயாப் பல்கலைக்கழக மாணவர்கள் எட்டுப் பேர்மேல் ராஜநிந்தனை வழக்கு, 'ஃபஜார்' என்ற பத்திரிகையில் வந்த கட்டுரைக்காக. அதில் அருட்சோதி இருந்தார். எட்வின் தம்பு இருந்தார், பிற்பாடு நாட்டின் பெருங்கவிஞர் என்று நாம் கொண்டாடும் அதே தம்புதான், அப்பா தமிழர், பள்ளி ஆசிரியர். மாணவர்களுக்காக வாதாட லண்டனிலிருந்து பிரிட் என்ற பெரிய வக்கீல் வந்தார். அவருக்கு உதவியாக நின்ற இளம் வக்கீல் லீ குவான் இயூ. எட்டுப் பேரும் விடுதலை.

27 ஆகஸ்ட் 2020, இரவு 11.50

"அபராதம் கட்ட வக்கில்லாமல் உள்ளே போகிறவர்களை அண்ணன் பார்த்திருப்பாரே, அவர்களை வைத்துப் பார்த்தால் இவர் செய்வது அவமானம்" என்று தெம்பனிஸ் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல கேள்வி. இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பார்த்திருக்கிறேன். பழைய கீழ்நிலை நீதிமன்றம் இருந்த எண்கோணக் கட்டடத்தின் அபராதக் கவுண்டர் முன்னால் நான் நின்ற நேரத்தைக் கூட்டினால் சில மாதங்கள் வரும். முதலாளியிடம் முன்பணம் வாங்கி வந்து, ஐம்பது வெள்ளித் தாள்களை எச்சில் தொட்டு எண்ணுகிறவர்கள். தவணை கேட்டு நிற்கிறவர்கள். போன் பூத்தில் நின்று அக்கா வீட்டுக்காரரிடம் கெஞ்சுகிறவர்கள். கட்ட முடியாமல் உள்ளே போனவர்களும் நிறைய.

ஒரு பெரியவர் இருந்தார். தேக்காவில் லைசென்ஸ் இல்லாமல் தள்ளுவண்டியில் கச்சான் விற்றவர். தொண்ணூறுகளின் நடுவில். சில நூறு வெள்ளி அபராதம், கட்டாவிட்டால் மூன்று நாள். எங்கள் முதலாளி காசு வாங்காமல் வாதாடினார். தீர்ப்பு வந்ததும் பெரியவர் வேட்டிக்கு மேல் கட்டியிருந்த அகலமான பச்சை பெல்ட்டை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். "தம்பி, உள்ளே போனா இது யார் கைக்குப் போகுமோ, நீ வெச்சிரு." அங்கே எல்லாவற்றையும் எழுதி வாங்கிவைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள் என்று சொன்னேன், கேட்கவில்லை. மூன்று நாள் அந்த பெல்ட் என் மேசை இழுப்பறையில் இருந்தது. திறக்கும்போதெல்லாம் வறுத்த கடலை வாசம். நடுப் பையில் சில்லறை, ஓரப் பையில் நாலாக மடித்த ஒரு பழைய ரசீது, பித்தளை பொத்தான் ஒன்று அறுந்து ஊக்கு குத்தியிருந்தது.

திரும்பி வந்தவர் என் முன்னாலேயே சில்லறையை எண்ணிப் பார்த்தார். எனக்குக் கோபம்கூட வந்தது. சாப்பாடு எப்படி என்று கேட்டேன். "பரவால்ல, உப்புதான் கம்மி." அப்புறம்தான் தெரிந்தது, அவருடைய மகன் துறைமுகத்தில் நல்ல வேலையில் இருந்தான், பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்கே வந்திருந்தான். இவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "அவன் காசுல கட்டினா அவனுக்கு நான் கடன்காரன். இப்ப யாருக்கும் இல்ல."

ஆக, கட்ட முடிந்தும் கட்டாதவர்களில் நான் பார்த்த முதல் ஆள் ஜோலோவன் வாம் இல்லை. கச்சான்காரர். அவரை நாங்கள் யாரும் படம் காட்டுகிறார் என்று சொல்லவில்லை. ரோஷக்காரர் என்றுதான் சொன்னோம்.

28 ஆகஸ்ட் 2020

உட்லண்ட்ஸ் அக்கா சரியாகப் பிடித்துவிட்டார்: "பெரியவர் செய்ததை நாலு பேர் பார்க்கச் செய்யவில்லை. இவர் பார்க்க வேண்டும் என்றே செய்கிறார். இரண்டும் ஒன்றா?"

ஒன்றில்லை அக்கா. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் போனது ஒரு வண்டிக்காக, யாரும் பார்க்க அவசியமில்லை. இவர் போவது பார்க்கும்படி நிற்கும் உரிமைக்காக. யாரும் பார்க்காமல் அதை எப்படிக் கேட்பது?

(இந்தப் பதில் எனக்கே முழுக்கத் திருப்தியில்லை. அப்படியே இருக்கட்டும்.)

29 ஆகஸ்ட் 2020

வேலை வெட்டி இல்லாதவர் என்று ஒருவர் எழுதியிருப்பதற்கு மட்டும்: ஹோம் என்ற அமைப்பில் வெளிநாட்டு ஊழியர்களுக்காகப் பல வருஷம் வேலை பார்த்தவர் அவர். நம் ஊர்ப் பையன்களுக்கு அந்த மாதிரி அமைப்புகளின் அருமை தெரியும். என் மனைவியின் ஒன்றுவிட்ட தம்பி புதுக்கோட்டையிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவன். 2011இல் விரல் நசுங்கியது. கம்பெனி கைவிட்டது. இழப்பீட்டு வழக்கு முடியும்வரை வேலை செய்யவும் கூடாது, ஊருக்குப் போகவும் முடியாது. எங்கள் வீட்டுக்கு வா என்றால் கூச்சப்பட்டு வரமாட்டான். டிடபிள்யூசி2 என்ற இன்னொரு அமைப்பு 2008இல் கஃப் ரோட்டில் தொடங்கி இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு இலவசச் சாப்பாடு போடுகிறது. ஏழு மாதம் அங்கே சாப்பிட்டான். ஒருநாள் அவனைத் தேடிப் போனபோது இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். வலது கையில் கட்டு. என்னைப் பார்த்ததும் தட்டை மேசைக்குக் கீழே இறக்கினான்.

30 ஆகஸ்ட் 2020, ஞாயிறு

நேற்று எழுதியதிலிருந்து மனம் 1987க்குப் போய்விட்டது. இளையவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக.

அந்த வருஷம் மே 21இல் 16 பேரை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்தார்கள். ஜூனில் இன்னும் ஆறு பேர். மார்க்சியச் சதி என்றார்கள். பிடிபட்டவர்களில் கத்தோலிக்கத் திருச்சபை ஊழியர்கள், வக்கீல்கள், நாடகக்காரர்கள் இருந்தார்கள். கேலாங்கில் வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவிய மையத்தோடு தொடர்புள்ளவர்களும் உண்டு. பிடிபட்டவர்களில் ஒருவரான வின்சென்ட் செங் தொலைக்காட்சியில் தோன்றித் தன்னைப் பற்றித் தானே சொன்னார்.

எனக்கு 22 வயது. தேசிய சேவை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். ஈசூன் வீடு அப்போது புதுசு, சுண்ணாம்பு வாசம்கூடப் போகவில்லை. நிகழ்ச்சி தொடங்கியதும் அப்பா எழுந்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். புழுக்கம் தாங்கவில்லை. தொலைக்காட்சியில் அரசாங்கம் போடுவதைத்தான் பார்க்கிறோம், இதற்கு ஏன் ஜன்னலைச் சாத்த வேண்டும் என்று கேட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வெல்டராக இருந்தவர் அவர். 1963 பிப்ரவரி 2ஆம் தேதி கோல்ட் ஸ்டோர் நடவடிக்கையில் நூற்றுக்கு மேற்பட்ட இடதுசாரிகளைப் பிடித்தார்களே, அதற்குப் பிறகு தன்னோடு சங்கத்தில் இருந்த ஒருவர் பெயரை அப்பா சொன்னதே இல்லை என்று அம்மா பிற்பாடு சொன்னாள். பெயரையே சொல்லமாட்டாராம். 'அந்த ஆள்' என்பாராம்.

"கட்டிட்டு வா" என்று சொன்ன அதே அப்பாதான்.

இதோடு ஒன்று சேர்க்க வேண்டும். 1987இல் பிடிபட்டவர்களைப் பற்றி, தனக்குத் தெரிந்தவரை அவர்களில் பெரும்பாலோர் சமூக ஆர்வலர்கள்தான், அமைப்பைக் கவிழ்க்க வந்தவர்கள் இல்லை என்று 2001இல் பத்திரிகைக்குச் சொன்னவர் யார் தெரியுமா? தர்மன் சண்முகரத்னம். இன்றைக்கு மூத்த அமைச்சர். இதை அவர் சொல்லலாம், நாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு முணுமுணுக்க வேண்டுமா?

1 செப்டம்பர் 2020

பத்து நாள் முடிந்துவிட்டது. செங்காங் தம்பி, கேள்வி கேட்டுவிட்டு ஆளையே காணோமே?

24 நவம்பர் 2020

தம்பி வந்துவிட்டார், புதுச் செய்தியோடு. ஆமாம், படித்தேன். ஒரு அட்டைத் துண்டில் சிரிக்கும் முகம் வரைந்து தோ பாயோ காவல் நிலையத்துக்கு வெளியே பிடித்துக்கொண்டு படம் எடுத்ததற்கு ஜோலோவன் வாம் மீது குற்றச்சாட்டு. இரண்டு புள்ளி, ஒரு வளைகோடு. என் பேத்தி பாலர் பள்ளியில் தினமும் இதைத்தான் வரைகிறாள், ஆசிரியை நட்சத்திரம் ஒட்டுகிறார்.

சிரித்துவிட்டேன். அப்புறம் சட்டத்தை எடுத்துப் பார்த்தால் அது சிரிக்கவில்லை. ஒருவர், ஒரு காரணம், பொது இடம். மூன்றும் இருக்கிறது.

16 பிப்ரவரி 2021

மறுபடி. இந்தத் தடவை 2017 ஜூன் 3இல் வடக்கு தெற்கு ரயிலில் நடந்தது. 1987 கைதுகளின் முப்பதாவது ஆண்டுக்காக, கண்ணைக் கட்டிக்கொண்டு, அந்தக் கைதுகளைப் பற்றிய புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ரயில் சுவரில் இரண்டு ஏ4 தாள் ஒட்டியதற்குத் தனிக் குற்றச்சாட்டு. 8,000 வெள்ளி. அவர் 22 நாள் சிறையைத் தேர்ந்தெடுத்தார்.

நாளால் வகுக்கமாட்டேன். முதலாளி படிக்கிறார்.

இந்த விஷயத்தில் என் மனைவி வேறு கட்சி. "அது ஜனங்க வீட்டுக்குப் போற ரயில். இஷ்டமில்லாதவன் எழுந்து எங்கே போவான்?" என்கிறாள். எனக்கும் அதில் நியாயம் தெரிகிறது. ரயில் வேண்டாமே என்றுதான் நானும் சொல்வேன். கண்ணாடிக்காரர் செய்ததில் யாருக்கும் வழி மறிக்கவில்லை. ஆனால் ரயிலில் அன்று யார் வழியும் மறிக்கவில்லை என்றும் சொல்ல வேண்டும், உட்கார்ந்துதான் இருந்தார்கள். இதில் எனக்கு இரண்டு மனம்.

பேச்சோடு பேச்சாக அவள் கேட்டாள்: "சிகரெட் துண்டு ரசீதை 27 வருஷமா ஏன் வெச்சிருக்கீங்க?" கிராணி புத்தி என்றேன். "அந்த வருஷத்து மின்சாரக் கட்டண ரசீது எங்கே? தண்ணி ரசீது எங்கே?" என்றாள்.

அதெல்லாம் இல்லை. இது ஒன்றுதான் இருக்கிறது.

4 ஏப்ரல் 2022

நேற்று ஹோங் லிம் பூங்காவுக்குப் போயிருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. முப்பத்தோரு வருஷம் அதைத் தாண்டி நீதிமன்றத்துக்கு நடந்திருக்கிறேன், ஒருநாளும் புல்லில் கால் வைத்ததில்லை. மரண தண்டனைக்கு எதிரான கூட்டம். போதைப்பொருள் கடத்தல் வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கத்தின் கடைசி மேல்முறையீடு போன வாரம்தான் தள்ளுபடியானது. சுமார் 400 பேர் என்று செய்தியில் போட்டிருக்கிறார்கள், எனக்கு அதைவிட அதிகமாகத் தெரிந்தது. பயத்தில் எண்ணினால் அப்படித்தான் தெரியும்போல.

கைப்பையில் அடையாள அட்டையைப் பத்துத் தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். விரல் நசுங்கிய அந்தத் தம்பி இப்போது எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் மேற்பார்வையாளராக இருக்கிறான், என்னோடு வந்திருந்தான். வெளிநாட்டவர் உள்ளே வரக் கூடாது. சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு கடை நிழலில் இரண்டு மணி நேரம் நின்றான். நாகேந்திரனுக்கும் அவனுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. உள்ளே தமிழில் யாராவது பேசினார்களா என்று திரும்பி வரும்போது கேட்டான்.

நான் கையில் எதையும் பிடிக்கவில்லை. பின்வரிசையில் நின்றேன். அப்பா இருந்திருந்தால் அதற்கே மூன்று நாள் பேசியிருக்கமாட்டார்.

28 ஏப்ரல் 2022

நேற்று விடியற்காலை நாகேந்திரனைத் தூக்கிலிட்டுவிட்டார்கள். இன்று எழுத ஒன்றுமில்லை.

2 செப்டம்பர் 2023

மேலே 2020 ஆகஸ்ட் 30இல் 'மூத்த அமைச்சர்' என்று எழுதியிருந்தேன். திருத்தம்: நேற்றைய தேர்தலில் அவர் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டார், 70.4 விழுக்காடு வாக்கு. நானும் அவருக்குத்தான் போட்டேன். 2001இல் சொன்னதற்காக மட்டும் இல்லை, ஆனால் அதுவும் ஞாபகத்தில் இருந்தது.

தெம்பனிஸ் தம்பி, நீங்கள் கேட்டதற்கு: இல்லை, என் முதல் பதிலை அழிக்கமாட்டேன். அன்றைக்கு நான் அப்படித்தான் நினைத்தேன்.

9 செப்டம்பர் 2023

புதிதாக வந்திருக்கும் பொங்கோல் தங்கை, ஹோங் லிம் பூங்காவில் ஒரு கூட்டத்துக்கு மாமியாரையும் கூட்டிப் போகலாமா என்று கேட்டிருக்கிறார்.

நீங்கள் குடிமகள், இளஞ்சிவப்பு அட்டை, பிரச்சினை இல்லை. கணவர் நிரந்தரவாசி, நீல அட்டை, அவரும் வந்து நிற்கலாம், ஆனால் மேடை ஏறிப் பேச வேண்டாம். மாமியார் வருகை அனுமதியில் வந்தவர் என்றால் பூங்காவுக்குள் கூட்டிவராதீர்கள். பக்கத்திலேயே ஹோங் லிம் உணவங்காடி இருக்கிறது, மாடியில் உட்கார வையுங்கள். கார் எடுக்க வேண்டாம், கிளார்க் கீ ரயில் நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே பூங்கா. மழைக்கு ஒதுங்க இடம் கிடையாது, குடை கொண்டுவாருங்கள். குடையில் எதுவும் எழுதியிருக்க வேண்டாம். நான் பின்வரிசையில் இடது பக்கம் நிற்பேன்.